பானெட்டின் அந்தப் பக்கம்

நியூட்ரலில்தான் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கியர்க் கம்பியை நாச்சிமுத்து மறுபடியும் மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். விழப்போகிற பல்லைப் போல அது தளர்ந்து ஆடியது. நியூட்ரல்தான், சந்தேகமில்லை, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாயிற்று, இருந்தும் வலது கால் பிரேக் மிதியை விட்டு வரமாட்டேன் என்றது. எதிரே அம்பாசிடரின் பானெட் முழுக்கத் தூக்கி நின்றது. முன் கண்ணாடி வழியாக அந்த வெள்ளைத் தகரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் தெய்வானை நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஷெட்டின் சுவர். வண்டியின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து நிமிரத்தான் இடம், வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளினால் போதும். துள்ளாது. நியூட்ரலில் இருக்கிற வண்டி எப்படித் துள்ளும். மில்லில் நூலின் தரம் பார்க்கிற வேலையில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு நூலைச் சோதித்து முடித்தால் முடித்ததுதான், திரும்ப எடுத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்ததேயில்லை. இப்போது கொஞ்ச நாளாகத்தான் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறார். கியரை, கேஸ் சிலிண்டரின் திருகை, வெளிக் கதவின் தாழ்ப்பாளை, படுக்கையில் பக்கத்தில் கிடக்கிறவளின் தோளை. "ஏனுங்க, இன்னும் சித்தெ ஓடட்டும், எஞ்சின் நல்லா சூடாகோணும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவரை ஏமாற்றுகிறது. குரல் அப்படியே இருக்கிறது, நடை அப்படியே இருக்கிறது, ரசத்துக்குப் புளி கரைக்கிற விரல் அப்படியே இருக்கிறது, உள்ளே எங்கேயோ ஒரு அறையில் யாரோ ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று எதைப் பார்த்துச் சொல்ல முடியும்.

காலையில் காபி குடிக்கும்போது அவள் சொன்னாள், இன்னைக்கி டைமிங் வெச்சுரலாமுங்க என்று. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போதே, டம்ளர் கையில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்பாள். தெய்வானைக்கு ஏன் என்று கேட்காமல் எதையும் விடத் தெரியாது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றால் சிரிப்பாள், இத்தனை வருசமா நான் வெச்ச டைமிங்கை எந்த மெக்கானிக்குங்க தொட்டான் என்பாள், அதுவும் நியாயம்தான். அவள் அப்பா காந்திபுரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர், அந்தப் பட்டறையில் பாவாடை கட்டிய காலத்திலேயே பிளக் துடைத்தவள் அவள், பிறகு பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் நடத்தி இந்த ஊரில் பாதி டீச்சர்களையும் நர்சுகளையும் ரோட்டில் இறக்கிவிட்டவள். இந்த வீட்டில் வண்டி என்றால் அவள்தான். நாச்சிமுத்துவுக்கு ஓட்டத் தெரியும், லைசென்சும் உண்டு, ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது அவர் ஓட்டியதில்லை, அவளும் கொடுத்ததில்லை, இரண்டு பேருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதுமில்லை. போன வாரம் மருதமலைக்குப் போகும்போது மேட்டில் எஞ்சின் கணகணவென்று தட்டியது. அவருக்கு அது கேட்கவேயில்லை. அவளுக்குக் கேட்டது. தலையைச் சாய்த்து, பாயின்ட் தேஞ்சுருக்குது, புதுசு போட்டு டைமிங்கும் வெச்சாகோணும் என்றாள். அந்தக் கணம் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார், இதோ எனக்குக் கேட்காதது இவளுக்குக் கேட்கிறது. நேற்று பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து புதுப் பாயின்ட்டை அவளே மாட்டினாள், மெல்லிய தகட்டை இடையில் விட்டு இடைவெளி பார்த்தாள், அவர் பக்கத்தில் நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. விரல்களைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே என்று அப்போது தோன்றியது. மண்டைக்குள் இருப்பதுதான் போகும், விரலில் இருப்பது எங்கே போய்விடும். ஆனால் நேற்று எஞ்சின் ஓடவில்லை. இன்றைக்கு ஓடுகிறது.

அதுதான், எஞ்சின் ஓடுகிறது. டைமிங் வைப்பதென்றால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இட்லித் தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு அவள் அவருக்கு விளக்கியிருக்கிறாள். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் மேட்டில் தட்டும், பிந்தினால் வண்டி இழுக்காது. எஞ்சினின் அடிவயிற்றில் சுற்றுகிற புல்லியில் ஒரு கோடு இருக்கிறது, பக்கத்தில் அசையாத ஒரு குறி இருக்கிறது. துப்பாக்கி போல ஒரு லைட்டைப் பேட்டரியிலும் முதல் பிளக்கின் ஒயரிலும் மாட்டி அங்கே அடித்தால், பொறி விழும் ஒவ்வொரு கணமும் அது மின்னும். அந்த மின்னலில், ஓடுகிற கோடு நின்றுவிட்டதுபோலத் தெரியும். கோடும் குறியும் நேராக வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். வெயிலில் மின்னல் தெரியாது, நிழல் வேணும் என்று ஷெட்டுக்குள் மூக்கை நுழைத்து நிறுத்தியது அவள்தான். கொஞ்சம் வெளியே, சுவர் இல்லாத இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுவர் மட்டுமா. அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ரேடியேட்டருக்கு மேலாகக் குனிய வேண்டும், குனிந்தால் முகத்துக்கும் புல்லிக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருப்பது ஃபேன். முந்தானையை இழுத்துச் செருகியிருக்கிறாளா. ஆரம்பிக்கும்போது செருகினாள், அவர் பார்த்தார், ஆனால் அதற்குப் பிறகு இரண்டு தடவை வீட்டுக்குள் போய் வந்தாள், ஒரு தடவை அந்தக் கோட்டில் பூசச் சாக்பீஸ் எடுக்க, இன்னொரு தடவை எதற்கென்று தெரியாமல் போய் வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்போது முந்தானை எப்படி இருந்தது. நினைவு வரவில்லை. மறதி தொற்றுமா. "தெய்வான, முந்தானயச் செருகிருக்கியா?" என்று கத்தினார். "ஆமாமுங்க! நீங்க ஆக்சிலேட்டருல கால் வெக்காம இருந்தாப் போதும்" என்றாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. ரோட்டோரத்து வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடுகிற மாரப்பனின் பெட்டி தொப்தொப்பென்று துணியில் விழும் சத்தம் எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் அதனதன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் நல்ல மனிதர்தான். அவளிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். தாமரை, சாவி, பாலம். பிறகு வேறு ஏதேதோ பேசினார், எந்த ஊர், எத்தனை குழந்தைகள், காலையில் என்ன டிபன். அவள் கலகலவென்று பதில் சொன்னாள், டிரைவிங் ஸ்கூல் கதையெல்லாம் சொன்னாள், டாக்டரின் மனைவிக்குக்கூடக் கற்றுத் தருவதாகச் சொன்னாள். அந்த மூணு வார்த்தையச் சொல்லுங்கம்மா என்றதும் முகம் அப்படியே நின்றது. சாவி என்றாள். பிறகு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே உதட்டை மட்டும் அசைத்துத் தாமரை என்றார். அவள் பிடித்துக்கொண்டாள், தாமரை! என்றாள். டாக்டர் அவரைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு அவளை ஏதோ ரத்தப் பரிசோதனைக்கென்று நர்சுடன் அனுப்பிவிட்டு அவரை மட்டும் உட்கார வைத்துச் சொன்னார். சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல். நினைவிருக்க வேண்டியவளுக்கு இருக்கவில்லை, மறக்க ஆசைப்படுகிறவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. இனி மெதுவாகப் போகும், ஆனால் போகும். ஞாபகம் மட்டுமில்லை, எது ஆபத்து எது ஆபத்தில்லை என்று பிரித்துப் பார்க்கிற புத்தியும் சேர்ந்து போகும். வண்டி ஓட்ட விடாதீங்க. அடுப்பைப் பார்த்துக்கங்க. அவங்களுக்கு நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. பக்குவமாக. அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் சிக்கிக்கொண்டார். எப்போது பக்குவம் வரும். சாப்பிடும்போது சொல்ல முடியாது, படுக்கும்போது சொல்ல முடியாது, அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல மனம் வராது, சோர்ந்திருக்கும்போது சொன்னால் தாங்க மாட்டாள். ஓசூரிலிருந்து மகள் வளர்மதி தினமும் போன் செய்து, அப்பா சொல்லிட்டீங்களா என்கிறாள். இன்னும் இல்ல சாமி என்கிறார். அம்மாவ வண்டியத் தொட விடாதீங்கப்பா என்கிறாள். செரி சாமி என்கிறார். போன வாரம் மருதமலை வரை ஓட்டவே விட்டார், இதோ இப்போதும் தொட விட்டிருக்கிறார். வண்டியை மட்டுமா, சுற்றுகிற ஃபேனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டு. அந்த வார்த்தையைச் சொல்வதைவிட இது சுலபமாக இருந்தது. அப்படியென்றால் அவருக்கு யாரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவளையா தன்னையா.

சூலூர்ச் சந்தைக்குப் போனபோது நடந்ததுதான் முதல். அவர் காய் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவள் போய் யாருடையதோ ஒரு வெள்ளைக் காரில் உட்கார்ந்திருந்தாள். அது அம்பாசிடர்கூட இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள், வண்டிக்காரன் வந்து கேட்டதற்கு அவனையே திட்டினாள், எங்கூட்டு வண்டியில நீ எதுக்கு ஏறற என்று. பிறகு அதை எல்லோரிடமும் அவளே சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்றிரவுதான் முதல் தடவையாக எழுந்து போய் வெளிக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். "டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்பு நட்டை லூசு பண்ணியாச்சுங்க, வேக்கம் டியூபையும் கழட்டி அடைச்சாச்சு. இப்ப லைட் அடிக்கறேன்" என்றாள். சொன்னது அத்தனையும் சரியான வரிசையில் இருந்தது. சுவரில் வெள்ளையாக ஒரு துடிப்பு தெரிந்தது. பானெட்டின் விளிம்புக்கும் ஷெட்டின் கூரைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் அந்த வெளிச்சம் பட்டுப்பட்டுத் தெறித்தது, பிறகு கீழே இறங்கி மறைந்தது, அவள் குனிந்துவிட்டாள். எஞ்சினுக்குள்ளிருந்து சிதறி வருகிற மினுக்கல் மட்டும் பானெட்டின் அடித் தகரத்தில் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கும்போதுதான் கிட்டான் நினைவுக்கு வந்தான். ஏன் வந்தான், இந்த நேரத்தில். கிட்டானை அவர் பார்த்ததுகூட இல்லை, அவள் சொன்ன கதைதான், டிரைவிங் ஸ்கூல் பெண்களுக்கெல்லாம் சொல்லுவாள். அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்தவன், நல்ல வேலைக்காரன், டைமிங் லைட்டை அடித்துக்கொண்டிருந்தவன், அந்த வெளிச்சத்தில் ஃபேனும் நின்றுவிட்டது போலத்தான் தெரியும், றெக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக, தொட்டுவிடலாம் போல, மெல்ல அசைந்து நிற்கும். அவனுக்குத் தெரியாததா. ஏதோ யோசனையில் இருந்திருக்கிறான். ஃபேனுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்த துணியை எடுக்கக் கையை விட்டான். அவ்வளவுதான் அந்தக் கதை, அதற்கு மேல் அவள் சொல்ல மாட்டாள், தன் வலது கையை மடக்கிக் காட்டுவாள், பெண்கள் ஐயோ என்பார்கள். நிக்கறது போலத் தெரியறதெல்லாம் நிக்கறதில்ல புள்ளைங்களா என்பாள். இப்போது அந்தப் பாடம் அவள் மண்டையில் இருக்கிறதா. தாமரை போன இடத்துக்கு அதுவும் போய்விட்டிருந்தால். கேட்கலாம். தெய்வான, அந்த ஃபேன் சுத்திட்டுத்தான் இருக்குது, ஞாபகம் இருக்குதில்ல என்று கேட்கலாம். மோட்டார்ப் பட்டறையில் பிறந்தவளிடம் போய் ஃபேன் சுற்றுகிறது என்று சொன்னால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். கேட்கவில்லை. பானெட்டின் அடித் தகரத்தில் மினுக்கல் ஆடியது, இடது பக்கம் போனது, நின்றது. பிறகு மேலே வந்தது. கூரையின் சிமெண்ட் தகட்டில் ஒரே இடத்தில் நின்று துடிக்க ஆரம்பித்தது.

லைட்டை அவள் கையில் பிடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டாள், ரேடியேட்டர் மேலோ எங்கோ வைத்துவிட்டாள், அது வானத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு கையும் எங்கே இருக்கிறது. "தெய்வான?" எஞ்சின் அதே சீராக ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சீரே அவருக்குப் பயமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மட்கார்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பச்சைச் சேலையின் ஒரு மடிப்பு தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே, அசையாமல். கை தெரியவில்லை. முகம் தெரியவில்லை. "தெய்வான!" சேலை அசையவில்லை. அவள் அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நின்றுகொண்டிருக்கிற ஃபேனை, தனித்தனி றெக்கையை, தொடலாம் போல. இறங்கி ஓடலாம், ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், நியூட்ரல்தானே, நியூட்ரல்தான், ஆனாலும் எடுத்தால். இன்னும் சத்தமாகக் கத்தலாம், ஆனால் திடுக்கிட்டால் கை எந்தப் பக்கம் போகும். வண்டியை அணைத்துவிடலாம். சாவி இதோ முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அணைத்தால் அவள் கேட்பாள், ஏன் அணைச்சீங்க என்று, எதற்குப் பயந்தீங்க என்று, அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிடும், இத்தனை நாள் காத்தது இந்த அழுக்குப் பனியனோடு, இந்தப் பெட்ரோல் நாற்றத்தில், பக்குவமேயில்லாமல் வெளியே வந்துவிடும். வரட்டும் என்று நினைக்கவில்லை அவர். அப்படித் துணிந்து நினைக்கிற ஆளில்லை. கைதான் போய்ச் சாவியைத் திருகியது. எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கியது. கூரையில் துடிப்பு நின்றது. மாரப்பனின் இஸ்திரிப் பெட்டி மட்டும் கேட்டது.

"எதுக்குங்க ஆஃப் பண்ணுனீங்க?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து. குரல் வந்துவிட்டது. குரல் வந்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. "தானா நின்னுருச்சு" என்றார். "தானா நிக்கற வண்டி திணறித் திணறி நிக்கும். இது சாவி திருப்பி நின்ன சத்தம்" என்றாள். அவர் இறங்கிப் போனார். ஷெட்டுக்குள் சூடான ஆயில் வாசனை. தெய்வானை சுவரில் முதுகு படாமல், ரேடியேட்டரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நேராக நின்றிருந்தாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த பிள்ளையைப் போல. நெற்றி வேர்த்திருந்தது. அவரைப் பார்த்ததும் கையை முன்னால் கொண்டுவந்து, விரல்களை விரித்துப் பார்த்தாள், பிறகு சேலையில் துடைத்தாள். "கூப்புட்டேனே, கேக்கலியா?" என்றார். "கேட்டுது" என்றாள். "அந்த ஃபேன் நிக்குதா சுத்துதான்னு எனக்குத் தெரியலீங்க" என்றாள். "ரெண்டுல ஒண்ணுன்னு தெரியுது. எதுன்னு தெரியல. அதான் லைட்ட வெச்சுட்டுக் கைய பின்னால கட்டிக்கிட்டேன். கொஞ்ச நாளா அப்படித்தான் பண்ணறது. எதாச்சும் தெரியாமப் போனாக் கையக் கட்டிக்கிட்டு நின்னுக்கறது. அடுப்புக்கிட்டக்கூட. நீங்க வந்து ஆஃப் பண்ணுவீங்கன்னு நின்னேன். பதில் சொன்னா கையக் கட்டிக்கோணுங்கற அந்த ஞாபகமும் போயிரும்னு பேசல." அவர் அவளுடைய முந்தானையைப் பார்த்தார். நன்றாகத்தான் செருகியிருந்தது. "போதும், உள்ள போலாம் வா" என்றார். "எதுக்கு? பாதியில விட்டா வண்டி அசையாது. நீங்க லைட்டப் புடிங்க, நான் போயி உக்காந்துக்கறேன்" என்றாள்.

அவள் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றார். இத்தனை நேரம் அவள் நின்ற இடம். தரையில் அவளுடைய செருப்புத் தடம் ஆயிலில் பதிந்திருந்தது. பானெட் நடுவில் நின்று அவளை மறைத்தது. இப்போது கியர் அவள் கையில் இருக்கிறது. எது கிளச், எது பிரேக் என்று ஒரு கணம் தெரியாமல் போனால், அப்போது அவள் கையைக் கட்டிக்கொள்வாள், சரி, காலை எங்கே கட்டிக்கொள்வாள். அவளுக்காகப் பயந்த பயம் ஒரு மாதிரி இருந்தது. இது வேறு மாதிரி இருந்தது. இது அவருடைய சொந்த விலா எலும்புகளைப் பற்றிய பயம், கூனிக் குறுகிய பயம், இதை வைத்துக்கொண்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: "நியூட்ரல்ல இருக்குதுங்க. ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்குது. எதுக்கும் முன் சக்கரத்துக்கு முன்னால ரெண்டு கல்லு வெச்சுக்கங்க." "அதெல்லாம் வேண்டாம்" என்றார் அவசரமாக. "வெய்யிங்க. எனக்கே என்னிய நம்ப முடியல, நீங்க எதுக்கு நம்போணும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை, சீரகத்தை எடுத்துக் கொடுங்க என்பது போலத்தான் சொன்னாள். அவர் கல் எடுக்கப் போனார். வேண்டாம் என்று பெருந்தன்மையாக நின்றிருக்கலாம், நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் கிணற்றடியில் கிடந்த இரண்டு கருங்கல்லைத் தூக்கி வந்து இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் வைத்து, காலால் உதைத்து இறுக்கமாகச் சேர்த்தார். அவள் காத்திருந்தாள். "வெச்சாச்சா?" "ஆச்சு." எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

லைட்டை எடுத்து அடித்தார். முதலில் ஃபேன்தான் தெரிந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. றெக்கைகள் நிற்கின்றன, தூசி படிந்த ஓரம் கூடத் தெரிகிறது, தொடு தொடு என்கின்றன. ஒரு கையால் லைட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவரும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். குனிந்து தேடினார். அடியில், இருட்டில், சாக்பீஸ் கோடு வெள்ளையாக நின்றது. "தெரியுதுங்களா?" "தெரியுது. குறிக்கு இந்தப் பக்கம் தள்ளி நிக்குது." "டிஸ்ட்ரிபியூட்டரப் புடிச்சுத் திருப்புங்க. ஃபேனுக்குப் பின்னால சைடுல இருக்குது பாருங்க, மேல் பக்கமா சுத்திக் கையக் கொண்டு போங்க." "எந்தப் பக்கம் திருப்போணும்?" "அது ஞாபகம் இல்ல. ஒரு பக்கம் திருப்புங்க. கோடு விலகிப் போச்சுன்னா அந்தப் பக்கம் இல்ல." அவர் திருப்பினார். கோடு விலகியது. மறுபக்கம் திருப்பினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நூலளவு, இன்னொரு நூலளவு. எஞ்சினின் சத்தம் லேசாக மாறியது, கோடு நகர்ந்து நகர்ந்து வந்து குறிக்கு நேராக நின்றது. "வந்துருச்சு!" என்று கத்தினார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது, இந்த ஒரு கோடு சரியான இடத்தில் நிற்கிறது என்பதைத் தவிர. அப்போதுதான் கேட்டாள். "அந்த டாக்டரு உங்களத் தனியா உக்கார வெச்சு என்னங்க சொன்னாரு?"

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் தெரியவில்லை, அவர் முகமும் அவளுக்குத் தெரியாது. பானெட் நடுவில் நிற்கிறது. சொன்னார், மெதுவாக, இத்தனை நாள் வாய்க்குள் உருட்டிப் பக்குவப்படுத்தி வைத்திருந்த மாதிரியே சொன்னார். "என்னது? கேக்கல, எஞ்சின் ஓடுதில்ல, சத்தமாச் சொல்லுங்க!" என்றாள். பக்குவமெல்லாம் அதோடு போயிற்று. "மறதி வியாதியாமா!" என்று கத்தினார். "மூள கொஞ்சங் கொஞ்சமா சுருங்குதாமா! திரும்பி வராதாமா! மெல்லப் போகும், ஆனாப் போகும்னாரு! வண்டி ஓட்டக் கூடாதுன்னாரு!" ரோட்டில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. எஞ்சின் இரைந்தது. அவள் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியிருந்தது. லைட்டின் வெளிச்சத்தில் கோடு குறியை விட்டு வழுக்கிக்கொண்டு போனது, வேகம் கூடக் கூட இன்னும் தள்ளிப் போனது. அவர் பின்னால் நகரவில்லை, நகர இடமும் இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே அதிர்ந்தது. பிறகு இரைச்சல் மெல்லத் தணிந்தது. கோடு திரும்பி வந்தது, வந்து பழைய இடத்தில் நின்றது. "வளருக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியும்." "ஊருக்கே இப்பத் தெரிஞ்சுருச்சு. எனக்குத்தான் கடைசி." பிறகு, "இதுக்காங்க இத்தன நாளா எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி கேஸ் சிலிண்டரத் தடவிட்டு வந்தீங்க? கதவத் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க? நான் உங்களுக்குத்தான் புத்தி பெசகிப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. வளருகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு நான் தவிச்ச தவிப்பு" என்றாள். அவர் சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. "நட்டை இறுக்குங்க. இறுக்கறப்ப டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பிரும், பாத்து" என்றாள். இறுக்கினார். திரும்பிவிட்டது. தளர்த்தி மறுபடி வைத்தார். மறுபடியும் திரும்பியது. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு தடவை நின்றுவிட்டது, லைட்டை அடித்துப் பார்த்தபோது கோடு அசையாமல் நின்றது.

டியூபை மாட்டி, லைட்டைக் கழற்றி, பானெட்டை இறக்கினார். தகரம் இறங்கியதும் கண்ணாடிக்கு அப்பால் அவள் தெரிந்தாள். ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் இருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கல்ல எடுத்துருங்க" என்றாள். எடுத்தார். "மேட்டுல ஏத்திப் பாக்கோணும், தட்டுதா இல்லியான்னு." அவர் டிரைவர் பக்கத்துக் கதவருகில் வந்து நின்றார், டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல வாயில்லாமல். அவள் ஸ்டீயரிங்கை விட்டாள். நீளமான முன் சீட்டில் கையை ஊன்றி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, மெல்ல இடது பக்கம் நகர்ந்தாள். கதவோரம் வரை போய் உட்கார்ந்து நேராகப் பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் அவள் இருந்த இடம் லேசாக அமுங்கியே இருந்தது. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதில் உட்கார்ந்துவிட்டால் அது நடந்துவிட்டதாக ஆகிவிடும், உட்காராத வரை இன்னும் ஆகவில்லை, இப்படியே வெயில் ஏறும்வரை நின்றால் என்ன. "உக்காருங்க. பெட்ரோல் வீணாகுது" என்றாள் தெய்வானை. அவர் உட்கார்ந்தார்.